இடம் போட்டு வைக்கும் அக்கா

“போறது சரி கண்ணு. போற எடத்துல ஒனக்கு யாரு எடம் போட்டு வெப்பா?”

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்த அன்று எங்கள் தெரு அக்கா என்னிடம் கேட்டது இது. “இதுல பாண்டிச்சேரி வரைக்கும் தனியா போவேன், பாத்துகினே இரு” என்று நான் பீற்றிக்கொண்டதற்குப் பதில். அக்கா முதலில் வண்டியின் மணியை அடித்துப் பார்த்தார். கேரியரை இழுத்துவிட்டுப் பார்த்தார். அப்புறம்தான் இப்படிக் கேட்டார். தனியாகப் போனால் பயமில்லையா, எவனாவது வம்பு செய்தால் என்ன பண்ணுவாய் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அக்காவின் சந்தேகம் வேறு. ஒருத்தி ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அவளுக்காக அங்கே ஒரு கல்லோ செருப்போ காத்திருக்க வேண்டும். அது இல்லாமல் எப்படி ஊர் போவது?

“எனக்கு யாரும் போட்டு வெக்க வேணாம். நானே போய் நின்னுப்பேன்” என்றேன்.

“நிப்ப, நிப்ப” என்று சொல்லிவிட்டு மணியை இன்னொரு முறை அடித்தார்.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாண்டிச்சேரி என்ன, நாகப்பட்டினம் வரையே தனியாகச் சைக்கிள் ஓட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அடையாறில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் முதல் ஆளும் நான். இந்தப் பயணமும் அந்த வரிசையில் ஒன்றாகச் சேர வேண்டும் என்றுதான் கிளம்பினேன். சென்னை ஒரே நாள் ஓட்டத்தில் இருந்தது. திருவான்மியூரில் பூமாலையோடு நிற்கப்போவதாக அலுவலகத் தோழிகள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் இடது முட்டி வீங்கிக்கொண்டது. கல்பாக்கத்துக்கு வடக்கே கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பு. பயணிகள் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு அதை விடுகிறார்கள். அங்கே ஒரு நாள் ஓய்வு எடுப்பது என்று முடிவு செய்தேன்.

எட்டு நாள் தலைக்குள் சாலை மட்டும்தான் இருந்தது. எதிர்க்காற்று, அடுத்த டீக்கடை, பின்சக்கரத்துக் காற்று. ஓய்வு நாளில் அது எதுவும் இல்லை. காலுறை துவைத்துக் கயிற்றில் போட்டேன். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். பச்சைக் கூடாரத்தின் முளைகளை ஒருமுறை இறுக்கினேன். மணி எட்டரைதான் ஆகியிருந்தது. முட்டி கடல் தண்ணீரில் நனைந்தால் நல்லது என்று தோப்பின் சமையல்கார அம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார். நொண்டிக்கொண்டே கரைக்குப் போய் அலை வந்து தொடும் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அங்கே இருந்து திரும்பி வந்தபோது பார்த்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது. ஆனால் அதற்கு முன் அக்காவைச் சொல்ல வேண்டும்.

நந்தனத்துப் பெரிய கட்டடங்களுக்குப் பின்னால், அடையாற்றின் கரையில் எங்கள் வீடுகள் இருந்தன. அம்மாவும் நானும்தான். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அக்கா. பகலில் தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போவார். ஆள் ஒல்லி, குரல் கனம். தோளில் எப்போதும் ஒரு ரேஷன் பை தொங்கும். அதற்குள் அரிசி இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு மூன்று அரைச் செங்கல், ஒற்றைச் செருப்புகள், கைப்பிடி உடைந்த மக்கு, ஒரு துண்டு, மூடி இல்லாத சிவப்பு டப்பா. எல்லாம் இடம் போட. எது யாருடையது என்பது அக்காவுக்குத் தெரியும். உடைந்த மக்கு மீன்காரம்மாவுடையது. சிவப்பு டப்பா நான்.

தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்கு வரும் நேரம் யாருக்கும் தெரியாது. அம்மா விடியற்காலையிலேயே தேனாம்பேட்டையில் அலுவலகம் கூட்டப் போய்விடுவார். தண்ணீர் பிடிப்பது என் வேலை. நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். வெளியே அக்காவின் குரல் கேட்கும். “ஏய், செவப்பு டப்பா நவுருது பாரு, அது படிக்கிற பொண்ணோட எடம். அது அப்பால வரும். நா கீறேன்ல?” லாரி குழாய் எங்கள் குடத்துக்கு வரும்போது சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டும் இப்படித்தான் படித்தேன்.

‘நா கீறேன்ல?’ நான் இருக்கிறேனே என்று, அக்கா எதற்கும் சொல்லும் பதில் இதுதான். அவர் கையில் ஒரு சீட்டும் இருக்காது, ஒரு குறிப்பும் இருக்காது. எழுதத் தெரியாது. யாருக்குப் பின்னால் யார் என்று முப்பது வீட்டு வரிசையும் தலையில் இருக்கும். ரேஷன் கடை, மண்ணெண்ணெய், கேஸ் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எங்கே வரிசை நின்றாலும் வராதவர்களுக்காக அக்கா அங்கே இருப்பார். பாண்டி பஜாரில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து மூன்று சீட்டுப் பிடிப்பார். கண்டக்டர், “மூணு பேரு எங்கம்மா?” என்பார். “ரெண்டு பேரு தோ ஓடியாராங்கோ. மூணாவது ஆளு அடுத்த ஸ்டாப்புல ஏறும்.” அடுத்த நிறுத்தத்தில் எவராவது ஒரு கர்ப்பிணியோ மூட்டைக்காரியோ ஏறுவாள். அக்கா துண்டை எடுத்துக்கொண்டு, “தோ, வந்துட்ச்சு பாரு ஆளு” என்பார். அவளை அதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டார்.

இதற்கெல்லாம் அக்கா யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் எங்கள் தெருவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வாங்காத ஆளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஒரு பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவருக்கு எங்களைக் கூட்டிப்போனார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாட வீதியில் ஒரு கடைப்படியில் பதினோரு செருப்பை இடைவெளி விட்டு வைத்து, நடுவில் தான் மட்டும் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி சண்டைக்கு நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, நீ ஒருத்தி ஒக்காந்துண்டு படி முழுக்க செருப்பப் பரப்பி வெச்சா நாங்கள்லாம் எங்க நிக்கறது? ஆத்துல சமைச்சு வெச்சுட்டு மூணு மணிலேர்ந்து கால் கடுக்க நின்னுண்டிருக்கேன்.”

“கால் கடுக்குதுன்னா ஒக்காரு மாமி. தோ, இந்தச் செருப்பு வராத ஆளோடது. அது வர்ற வரைக்கும் எடம் ஒன்னுது.”

“வந்துட்டா?”

“வந்தா நா எந்திரிச்சுக்கிறேன், நீ குந்து.”

மாமி உட்கார்ந்தார். கடைசியில் அந்தப் பதினோரு இடத்தில் எங்கள் தெரு ஆட்கள் ஐந்து பேர்தான். மீதியெல்லாம் யார் யாரோ. அக்கா நின்றுகொண்டுதான் சாமி பார்த்தார். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். “நீயே ஒக்காரலன்னா எதுக்குக்கா எடம் போட்ட?”

“வந்தவங்கோ எப்டியும் நின்னுக்குவாங்கோ கண்ணு. வராதவங்களுக்குத்தான் எடம் வோணும்.”

தண்ணீர் வரிசையிலும் அக்கா ஒரு செங்கல் கூடுதலாக வைப்பார். அதற்கு ஆள் கிடையாது. யாருடையது என்றால், “புச்சா யார்னா வந்தா?” என்பார். புதிதாக யாரும் வராத நாளில் அந்தச் செங்கல், தண்ணீர் முடிந்து லாரி போன பிறகும், சேற்றில் தனியாகக் கிடக்கும்.

கல்லூரிக்குப் போன பிறகு எனக்கு இதெல்லாம் உறுத்த ஆரம்பித்தது. ‘இன்னா’, ‘கீது’ எல்லாவற்றையும் நாக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்த காலம் அது. லாரி நாளில் மீன்காரம்மா வரிசையில் நின்றபடி என் வீட்டைப் பார்த்துக் கத்துவார். “மகாராணியோட டப்பா வந்துட்ச்சு. மகாராணி எப்ப எயுந்தருளுவாங்கோ?” எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார், டப்பாவை நகர்த்திக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் குத்தியது. நான் படித்தது என் மூளையால். யாரோ நகர்த்திய டப்பாவால் அல்ல. இதை எல்லோருக்கும் காட்ட வேண்டும்போல இருந்தது.

அந்தக் கோடையில் தண்ணீர் வரிசையில் அடிதடி ஆகி ஒருவருக்கு மண்டை உடைந்தது. ஒழுங்கு வேண்டும் என்று பெரியவர்கள் பேசினார்கள். நான் ஒரு சார்ட் வாங்கி வந்து, ஸ்கெட்ச் பேனாவால் நான்கு விதி எழுதி, மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது விதி: ஆள் இல்லாத குடத்துக்கு வரிசையில் இடம் இல்லை.

அக்கா வந்து சார்ட்டின் முன்னால் நின்றார். “இன்னா எய்திகீற? படி, கேப்போம்.”

படித்தேன். மூன்றாவது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“அப்போ ஆஸ்பத்திரிக்குப் போனவ?”

“வீட்ல வேற யாராவது வந்து நிக்கணும்.”

“வேற யாரும் இல்லாதவ?”

“எல்லாருக்கும் ஒரே ரூல்தான்க்கா. அப்பதான் நியாயம்.”

அக்கா சார்ட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். “எய்த்து முத்து முத்தா கீது” என்றார். பிறகு வரிசையில் இருந்த சிவப்பு டப்பாவையும் உடைந்த மக்கையும் செருப்புகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். செங்கலையும் எடுத்தார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மீன்காரம்மாகூட, “படிச்சது படிச்சதுதான்யா” என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கியது, நன்றாகவே இறங்கியது.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் லாரி காலை ஏழு மணிக்கே வந்தது. வரிசையில் அக்காவின் நீலப் பிளாஸ்டிக் குடம் இருந்தது. அக்கா இல்லை. குழாய் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் என் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன், என் விதிப்படி. மீன்காரம்மா இடுப்பில் கை வைத்தார்.

“இன்னாமே, ரூலு எங்களுக்குத்தானா? ஒங்க அக்காளுக்குக் கெடையாதா?”

பத்து முகம் என்னைப் பார்த்தது. நான் போய் நீலக் குடத்தைத் தூக்கி வரிசைக்கு வெளியே வைத்தேன். வைத்தேன் என்பதுகூடப் பொய். தயங்கியது தெரியக் கூடாது என்று ‘டொம்’ என்று இறக்கினேன். கீழே கருங்கல். குடத்தின் கழுத்தில் நீளமாக ஒரு விரிசல் விழுந்தது. லாரி காலியாகிப் போனது. அக்காவுக்கு அன்று தண்ணீர் இல்லை.

அக்கா எங்கே போயிருந்தார்? அம்மாவின் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. பெரியாஸ்பத்திரியில் விடிவதற்குள் வரிசையில் நின்றால்தான் அன்று டாக்டரைப் பார்க்கச் சீட்டுக் கிடைக்கும். அம்மா வேலையை முடித்துவிட்டு நேராக அங்கே போவதற்குள், அம்மாவுக்கு இடம் போட்டு வைக்கத்தான் அக்கா போயிருந்தார்.

இந்தக் கதையை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது தோழிகளிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் ஏரியா எப்படி இருக்கும் தெரியுமா என்று வேடிக்கையாக ஆரம்பித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அவங்க அங்கதான் போயிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது” என்று முடித்தேன். “ஐயோ, உனக்கு எப்படிடி தெரியும்? உன் மேல தப்பே இல்ல” என்றார்கள். ஒருத்தி என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

எனக்குத் தெரியும். விடியற்காலையில் கிளம்பும்போது அம்மா என்னை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போனார். “அக்கா எனக்குச் சீட்டு வாங்கப் போயிருக்கா. குடத்த வரிசைல வெச்சிட்டுப் போயிருக்கா, பாத்துக்க.” சரிம்மா என்று சொன்னேன். தூக்கக் கலக்கத்தில்கூட இல்லை. எழுந்து உட்கார்ந்து சொன்னேன்.

அன்று சாயங்காலம் பிளாஸ்டிக் கருகும் வாசனை எங்கள் வீடு வரை வந்தது. கரண்டியைச் சுட வைத்து அக்கா விரிசலை உருக்கி அடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு குடம் எடுத்துக்கொண்டு அம்மா போனார். நான் வாசலுக்கு உள்ளேயே நின்று கேட்டேன்.

“வோணாம்பா. ரூலு ரூலுதான்” என்றார் அக்கா. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். “ஆமா, கால் புண்ணுக்கு இன்னா சொன்னாரு டாக்டரு?” என்று அடுத்த மூச்சில் கேட்டார்.

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளை கேட்கலாம் என்று இருந்தேன். அக்கா எப்போதும்போல, “காலேஜி வுட்டாச்சா கண்ணு?” என்று கேட்டுக்கொண்டு போவார். அதனால் நாளைக்கு அவசரமே வரவில்லை.

பிறகு ஆற்றங்கரை வீடுகளை எடுக்க ஆணை வந்தது. ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எல்லோருக்கும் வீடு என்றார்கள். எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. சைதாப்பேட்டையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தேன். எங்கள் தெரு கிளம்பிய நாளில் சாமான் ஏற்றிய லாரியில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு செருப்பு வைத்திருந்தார்.

“எடம் கீது. வரியா?” என்று மேலே இருந்து கேட்டார்.

“நாங்க வேற வீடு பாத்துட்டோம்க்கா” என்றேன்.

“தெர்யும். இருந்தாலும் போட்டு வெச்சேன்.”

லாரி நகர்ந்தது. அதுதான் கடைசியாகப் பார்த்தது. ஐந்து வருடம் ஆகிறது. அம்மா இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு முறையும் எனக்கு வேலை இருந்தது.

இனி சவுக்குத் தோப்பு. கடலில் கால் நனைத்துவிட்டு நான் திரும்பிய நேரம், தோப்பின் மோட்டார் புகைந்து நின்றுபோயிருந்தது. ஒரு டிராக்டர் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. தங்கியிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் வாளியும் கேனுமாக வரிசையில் நின்றார்கள். நடுவில், ஆள் இல்லாமல், என்னுடைய மடக்குவாளி. அதன் பக்கத்தில் சமையல்கார அம்மா.

எனக்கு முன்தினம் பழக்கமான ஒரு பையன், நல்ல விலையுள்ள சைக்கிள் வைத்திருப்பவன், மரியாதையாகத்தான் கேட்டான். “ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க எல்லாரும் வெயில்ல நிக்கறோம். ஆள் இல்லாத பக்கெட்டுக்கு எப்படி இடம்? எல்லாருக்கும் ஒரே ரூல் இருந்தாதானே நியாயம்?”

சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அது என் வாக்கியம். என் ஸ்கெட்ச் பேனாவின் நிறம்கூட எனக்குத் தெரிந்தது.

“அது பச்சைக் கூடாரத்துப் பொண்ணுதுங்க” என்றார் அந்த அம்மா. “முட்டி வீங்கி நேத்துலேர்ந்து நொண்டிக்கினு இருக்குது. அந்தப் பொண்ணு வர வரைக்கும் நான்தான் அந்தப் பொண்ணுன்னு வெச்சிக்கோங்களேன்.”

“நீங்க அந்தப் பொண்ணா?” என்று யாரோ சிரித்தார்கள்.

“ஏன், எனக்கு இன்னா கொறச்சல்? சைக்கிள் ஒண்ணுதான் இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பையனும். வாளி ஒரு அடி முன்னால் நகர்ந்தது. நான் அப்போதே போயிருக்க வேண்டும். ‘இதோ வந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை போதும். போகவில்லை. என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் எனக்காக வெயிலில் நிற்பதை, மரத்துக்குப் பின்னால் நின்று, வாளி நிரம்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடத்துக்கு முன் அக்கா கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. கிடைத்த பதிலை வாங்கிக்கொள்ள முகம் இல்லை.

கடைசியில் போய் வாளியை வாங்கினேன். “இன்னாம்மா, ரெண்டு கண்ணும் இப்படிச் செவந்துகினு கீது?” என்றார்.

“உப்புத் தண்ணி பட்டுடுச்சும்மா.”

“தேச்சிடாத” என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போனார்.

மதியம் முழுவதும் கூடாரத்துக்குள் படுத்திருந்தேன். ஓய்வு நாள் என்று பெயர். வெயில் பச்சைத் துணி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்து அக்காவின் பிளாக் நம்பர், வீட்டு நம்பர் கேட்டேன்.

“இப்பவாச்சும் கேட்டியே” என்றார் அம்மா. பிளாக் நம்பர் சொன்னார். “வீட்டு நம்பரு எதுக்கு? மாடி ஏறி முட்டியக் கெடுத்துக்காத. காலைல லாரி வர்ற நேரத்துக்குக் கீழயே போ. வரிசை எங்க இருக்கோ அங்க இருப்பா.”

“அம்மா, அன்னிக்கு நீ சொல்லிட்டுத்தான் போன. அது அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? ‘பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், பாத்துக்கும்’னு ஆஸ்பத்திரிலயே அவகிட்ட சொன்னது நான்தான்.”

அப்படியென்றால் கருகும் வாசனை வந்த அந்தச் சாயங்காலமே அக்காவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் மறுநாளும், “காலேஜி வுட்டாச்சா கண்ணு?” என்று கேட்டிருக்கிறார். தெரிந்துதான் லாரியில் செருப்புப் போட்டு வைத்திருக்கிறார்.

மதியத்துக்கு மேல்தான் வருவேன், பூமாலையெல்லாம் வேண்டாம் என்று தோழிகளுக்குச் செய்தி அனுப்பினேன். விடிவதற்கு முன் கூடாரத்தைச் சுருட்டினேன். முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே மேற்காகத் திரும்பி, வலிக்கும் காலை விட்டுவிட்டு மற்றதால் அதிகம் மிதித்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். எல்லாம் சார்ட்டில் எழுதக்கூடிய வாக்கியங்களாகவே வந்தன.

ஏழரை மணிக்கு அந்த அடுக்குமாடிகளுக்கு நடுவில் போய் இறங்கினேன். ஒரே மாதிரிக் கட்டடங்கள், ஒரே மாதிரி ஜன்னல்கள். மாடியெல்லாம் குழாய் இருந்தும் கீழே லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் நீளமாகக் குடங்கள். அக்காவைக் காணோம். வரிசையோடு நடந்து தேடினேன். ஆறாவதோ ஏழாவதோ ஒரு நீலக் குடம். வெயிலில் வெளுத்திருந்தது. கழுத்தில், காய்ந்த மெழுகு போல, உருக்கி அடைத்த தழும்பு. பக்கத்தில் ஆள் இல்லை. அதற்குப் பின்னால் ஓர் அரைச் செங்கல், அதற்கும் ஆள் இல்லை.

சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

“யாரும்மா நீ?” என்றார் பின்னால் நின்ற பெண். “அந்தம்மா யாருக்கோ ரேஷன் கடைல எடம் போடப் போய்கீது. லாரி வந்துட்ச்சு, ஆளக் காணோம். கொடத்த எடுத்து அப்பால வெச்சிடவா?”

எத்தனையோ வருடமாக என் வாயில் வராத சொல் தானாக வந்தது.

“வேணாம்க்கா. நா கீறேன்ல?”

வரிசை நகர்ந்தது. குனிந்து நீலக் குடத்தை ஒரு அடி முன்னால் வைத்தேன். பிறகு அந்தச் செங்கலையும்.